தனியா ஹேவ்லாக் போறேன்: ஸ்கூபாவுக்கு எந்தக் கடையை நம்புறது?

வாலாஜா பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு வாலாஜாப்பேட்டை, வேலை வேலூர்ல ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல. பிப்ரவரி கடைசியில ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கேன். சென்னையில இருந்து போர்ட் பிளேருக்கு (இப்போ ஸ்ரீ விஜயபுரம்னு பேரு மாத்திட்டாங்க) ஃப்ளைட், அங்கிருந்து கப்பல்ல அந்தமானோட ஹேவ்லாக் தீவு. கூட வர்றதா இருந்த தோழிக்கு அந்த வாரம் பாத்து நிச்சயதார்த்தம் வெச்சுட்டாங்க. டிக்கெட்டைக் கேன்சல் பண்ண மனசு வரல, தனியாவே போறேன். அம்மாவும் சரின்னுட்டாங்க.

போறதே கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கத்தான். நீச்சல் தெரியும். தாத்தா நிலத்துக் கிணத்துல முதுகுல சுரைக்குடுக்கை கட்டி எறக்கிவிட்டுக் கத்துக்கொடுத்தது. மூச்சைப் பிடிச்சு முங்கி அடியில போய் மண்ணு அள்ளிட்டு வருவேன். ஆனா கடல்ல நீஞ்சினது இல்ல, முதுகுல காத்து சிலிண்டர் மாட்டிக்கிட்டு முங்கற ஸ்கூபா சுத்தமாப் புதுசு.

வாட்ஸ்அப்ல மூணு கடையில கேட்டேன். முதல் ஆளு 3,500 ரூபாய், போட்டோ வீடியோ ஃப்ரீ, நீச்சலே தெரியாட்டாலும் பரவாயில்ல, ஃபார்ம் எல்லாம் இங்க வந்து கையெழுத்து போட்டுக்கலாம்னார். ரெண்டாவது ஆளு 6,500, போட்ல கூட்டிட்டுப் போவோம்னார். மூணாவது கடையில ஒரு அம்மா பேசினாங்க. விலையே சொல்லல. ஒரு மெடிக்கல் ஃபார்மை அனுப்பி, முதல்ல இதைப் படிச்சு நிரப்பி அனுப்புங்க, அப்புறம் பேசலாம்னாங்க.

எனக்குச் சின்ன வயசுல இருந்து இழுப்பு. இப்போ ரொம்பக் கொறைஞ்சிருக்கு, ஆனா போன மார்கழியில ரெண்டு மூணு தடவை இன்ஹேலர் அடிச்சேன். ஃபார்ம்ல அதுக்கு 'ஆமாம்'னு போட்டா டாக்டர் கையெழுத்து இல்லாம எறக்க மாட்டாங்களாம். பேசாம முதல் கடைக்கே போயிடலாமா? எதை வெச்சு ஒரு கடை நல்ல கடைன்னு முடிவு பண்றது? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ஏலகிரி ரைடர்:

சிஸ்டர், இவ்ளோ யோசிக்க வேணாம். போன வருஷம் நானும் வைஃபும் ஹேவ்லாக்ல பண்ணோம். படகுத்துறையில எறங்கினதும் ஹோட்டல்காரரே எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டார். அந்த ஃபார்ம்ல எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் போட்டுடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. சின்ன வயசு வீசிங்குக்கெல்லாம் டாக்டர்கிட்ட அலைஞ்சா லீவே முடிஞ்சுடும். மொத்தமே அரை மணி நேரம், அவங்களே பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துடுவாங்க. பவளப்பாறையும் மீனும் அப்படி ஒரு கலர், மிஸ் பண்ணிடாதீங்க.

சிப்காட் கம்ப்ரெசர்:

தங்கச்சி, மூணாவது கடைக்குப் போங்க. அவங்க விலை என்னன்னு தெரியாமலே சொல்றேன். காசு பேசறதுக்கு முன்னாடி உங்க நுரையீரலைப் பத்திக் கேட்டது அவங்க ஒருத்தர்தான்.

முதல்ல அந்த இழுப்பு விஷயத்தை முடிச்சுடறேன். ரைடர் தம்பி நல்ல மனசோடதான் சொல்லியிருக்கார், ஆனா அதைக் கேட்டு யாரும் அப்படி டிக் போட்டுடக் கூடாது. பத்து மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கறதைப் போல ரெண்டு மடங்கு. அங்க நீங்க நெஞ்சு நிறைய இழுத்த காத்து, நீங்க மேல வர வர விரிஞ்சிக்கினே வரும். தண்ணி மட்டத்துக்கு வந்தா அதே காத்துக்கு ரெண்டு பங்கு இடம் வேணும். சாதாரணமா மூச்சு விட்டுக்கினே வந்தா அது வெளிய போயிடும், ஒண்ணும் ஆகாது. இழுப்பு வந்தா சின்னச் சின்ன மூச்சுக்குழாய் சுருங்கி, காத்து வெளிய வர வழியில்லாம உள்ளயே மாட்டிக்கும். மாட்டின காத்து விரிஞ்சா நுரையீரல் கிழியும், குமிழி ரத்தத்துல கலந்து மூளை வரைக்கும் போகும். மேல வர்ற கடைசி சில மீட்டர்லதான் காத்து வேகமா விரியுது. அதனால 'ஆழமாப் போக மாட்டோம், அஞ்சாறு மீட்டர்தான்'னு கடைக்காரங்க சொல்ற சமாதானம் இதுக்குச் செல்லாது. போதாததுக்கு, சிலிண்டர்ல வர்றது ஈரமே இல்லாத வறண்ட காத்து. சிலருக்கு அதுவே இழுப்பைக் கிளப்பிடும்.

உங்க கிணத்து நீச்சல் பத்தியும் ஒண்ணு சொல்லணும். கிணத்துல முங்கறப்ப மேல இழுத்த காத்தோட போறீங்க. அடியில அது சுருங்கும், மேல வந்தா பழைய அளவுக்கே திரும்பும். அதனால மூச்சைப் பிடிச்சிக்கினு வந்தாலும் ஆபத்து இல்ல. ஸ்கூபாவுல அடியிலயே காத்து இழுக்கறீங்க, அங்க மூச்சைப் பிடிச்சிக்கினு மேல வர்றதுதான் செய்யவே கூடாத காரியம். முங்கிப் பழகின உடம்பு தண்ணிக்குள்ள போனதும் தன்னால மூச்சை அடக்கப் பாக்கும். இன்ஸ்ட்ரக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, 'நான் கிணத்துல முங்கிப் பழகினவ, மூச்சு அடக்கினா தட்டி விடுங்க'ன்னு.

'ஆமாம்'னு டிக் போட்டா போகவே முடியாதுன்னு அர்த்தம் இல்ல. வேலூர்ல இருந்துக்கினு டாக்டருக்கா அலையணும்? அந்த ஃபார்மைப் பிரிண்ட் எடுத்துக்கினு நெஞ்சு நோய் டாக்டரைப் பாருங்க. மெஷின்ல ஊதிப் பாக்கற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் எடுப்பாங்க, மார்கழியில இன்ஹேலர் அடிச்சதையும் மறைக்காம சொல்லுங்க. சரின்னா ஃபார்ம்லயே டாக்டர் கையெழுத்து போடற பக்கம் இருக்கு, அதுல வாங்கிடுங்க. ஹேவ்லாக் போனப்புறம் இந்த டெஸ்டுக்கு எங்கயும் போக முடியாது. டாக்டர் வேணாம்னு சொல்லிட்டா எலிஃபண்ட் பீச்ல ஸ்நார்கல் பண்ணுங்க, மேல மிதந்துக்கினே பவளப்பாறையைப் பாக்கலாம்.

இனி என் தொழில் விஷயம். நான் ராணிப்பேட்டை சிப்காட்ல கம்ப்ரெசர் சர்வீஸ் பாத்துக்கினு இருந்தவன். அப்புறம் சில வருஷம் ஹேவ்லாக்ல ஒரு டைவ் கடையில இருந்தேன். ஆளுங்களைத் தண்ணிக்குள்ள கூட்டினு போற வேலை இல்ல, பின்னாடி ஷெட்ல சிலிண்டருக்குக் காத்து நிரப்பற வேலை. கடைக்கு வர்றவங்க முன்னாடி மாட்டியிருக்கற போட்டோவைப் பாப்பாங்க, கூகுள்ல ஸ்டார் எத்தனைன்னு பாப்பாங்க. ஷெட்டை யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. உள்ள போய் நீங்க இழுக்கற ஒவ்வொரு மூச்சும் அங்கதான் தயாராகுது.

நம்ம பஞ்சர் கடை கம்ப்ரெசர் பத்து பார் (காத்து அழுத்தத்தோட அளவு) ஏத்தும். டைவ் கம்ப்ரெசர் 200 பாருக்கு மேல ஏத்தும், அதுவும் மனுஷன் இழுக்கற காத்து. அது காத்தை உறிஞ்சற பைப்போட வாய் எங்க இருக்குன்னு பாருங்க. கூரைக்கு மேல உசரத்துல, காத்து வீசற பக்கமா இருக்கணும். தீவுல கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடும், சில கம்ப்ரெசரே இன்ஜின்ல ஓடறதுதான். அந்தப் புகை பைப்புக்குள்ள போச்சுன்னா கார்பன் மோனாக்சைடு சிலிண்டர்ல ஏறிடும். அதுக்கு வாசனையே கிடையாது. மூச்சுக் காத்துக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 12021 அனுமதிக்கிற உச்ச அளவு 5 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்துல அஞ்சு பங்கு. மேல 5 இருக்கற காத்தை 20 மீட்டர் ஆழத்துல இழுத்தா, உடம்புக்கு 15 பி.பி.எம். இழுத்த மாதிரி. அதனால காத்தை லேப்ல சோதிச்ச ரிப்போர்ட் இருக்கான்னு தாராளமாக் கேக்கலாம்.

அடுத்தது ஃபில்டர். ஈரத்தை இழுக்க ஒரு அடுக்கு, எண்ணெய் வாடையை இழுக்க ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு அடுக்கு. எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு கணக்கு வெச்சு மாத்தணும். அந்தமான் வெக்கைக்கும் ஈரத்துக்கும் கம்பெனி சொன்ன மணி வரைக்கும் தாங்காது, முன்னாடியே மாத்தணும். கேட்ரிட்ஜ் விலை கூட, கப்பல்ல வரணும், அதனால தள்ளிப்போடற ஆளுங்க இருக்காங்க. ஒரு கடையில ரிப்பேருக்குக் கூப்பிட்டாங்கன்னு போனேன். ஃபில்டர் கூட்டைத் திறந்தா கேட்ரிட்ஜ் கறுத்துப்போய், எண்ணெயும் தண்ணியும் கலந்து சொதசொதன்னு கையில ஒட்டுது. அன்னைக்குக் காலையில ஒரு போட் நிறைய ஆளுங்க அந்தக் காத்துலதான் போயிட்டு வந்திருந்தாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.

நான் வேலை பாத்த கடையில கம்ப்ரெசர் பக்கத்துச் சுவத்துல ஒரு நோட்டு தொங்கும். தேதி, ஓடின மணி, ஆயில் மாத்தினது, ஃபில்டர் மாத்தினது, கையெழுத்து. முதலாளியம்மா தினமும் காலையில டீ கிளாஸோட வந்து அதைத்தான் முதல்ல புரட்டுவாங்க. நீங்களும் அப்படி ஒரு நோட்டு இருக்கான்னு கேளுங்க. லேப்ல வேலை பாக்கறவங்க, ரிஜிஸ்டரை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல. அன்னன்னைக்கு எழுதினதா, யாரோ வர்றாங்கன்னு ஒரே பேனாவுல ஒரே மூச்சா எழுதி வெச்சதான்னு பாத்ததும் தெரிஞ்சுடும்.

டைவ் அன்னைக்கு சிலிண்டர் வால்வை லேசாத் திறந்து மோந்து பாருங்க. எண்ணெய், புகை, எந்த வாடையும் வரக் கூடாது. வந்தா வேற சிலிண்டர் கேளுங்க, வெக்கப்படாதீங்க. சிலிண்டர் தோள்பட்டையில சோதனைத் தேதி குத்தியிருக்கும், அதையும் பாருங்க. ரெகுலேட்டர் (சிலிண்டர் காத்தை வாய்க்குத் தர்ற கருவி) மாட்டினதும் அழுத்தம் காட்டற கேஜைப் பாத்துக்கினே நாலு மூச்சு இழுங்க. முள்ளு 200 பக்கத்துல அசையாம நிக்கணும். இழுக்கறப்ப எறங்கி, விட்டதும் ஏறினா வால்வு முழுசாத் திறக்கலைன்னு அர்த்தம். இன்ஸ்ட்ரக்டருங்க தினமும் செய்யற சோதனைதான் இது, புதுசா வர்றவங்களும் செய்யலாம்.

போட்ல ஆக்சிஜன் இருக்கான்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. மாஸ்க் இருக்கா, சிலிண்டர் நிறைஞ்சிருக்கா. அழுத்தக் கோளாறு வந்தா ஆளை உள்ள வெச்சு அழுத்தம் ஏத்திச் சரி பண்ற சேம்பர் போர்ட் பிளேர்ல கடற்படை ஆஸ்பத்திரியில இருக்கு. ஹேவ்லாக்ல இருந்து கடலைத் தாண்டி அங்க போய்ச் சேர்ற வரைக்கும் கையில இருக்கற மருந்து அந்த ஆக்சிஜன் ஒண்ணுதான்.

3,500க்கும் 6,500க்கும் வித்தியாசம் பெரும்பாலும் கரையில இருந்து போறதா, போட்ல போறதாங்கறதுதான். அதிக விலைங்கறதால பத்திரமான கடைன்னு நினைச்சுடாதீங்க. நீச்சல் தெரியாதவங்களை முதல் டைவுக்குக் கூட்டினு போறதும் தப்பில்ல, ஸ்கூபா பயிற்சி அமைப்புங்களோட விதியே அனுமதிக்குது. தப்பு எங்கன்னா, ஃபார்மை அங்க வந்து கையெழுத்து போட்டுக்கலாம்னு சொன்னாரே, அங்க. ஜாக்கெட்டை மாட்டிவிட்டுட்டு ஃபார்மை நீட்டினா யாரு படிப்பாங்க?

ஆரணி பட்டு:

அண்ணன் சொன்ன ஷெட் விஷயம் எனக்கே புதுசு. நான் பாண்டிச்சேரியில ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (ஸ்கூபாவுல முதல் சான்றிதழ் படிப்பு) முடிச்சேன், தனியாப் போய்த்தான். பொண்ணுங்க பக்கத்துல இருந்து சிலதை மட்டும் சேர்த்துச் சொல்றேன்மா.

வாட்ஸ்அப்போட நிறுத்தாம ஃபோன் பண்ணு. 'என்னைக் கூட்டிட்டுப் போறது யாரு, அவங்க பேரும் இன்ஸ்ட்ரக்டர் நம்பரும் என்ன'ன்னு கேளு. பி.ஏ.டி.ஐ. (ஸ்கூபா பயிற்சிச் சான்றிதழ் தர்ற அமைப்பு) ஆளுன்னா அந்த அமைப்போட இணையதளத்துலயே அந்த நம்பரைப் போட்டுப் பாக்கலாம். லேடி இன்ஸ்ட்ரக்டர் வேணும்னா இப்பவே சொல்லி வை, அங்க போய்க் கேட்டா கிடைக்காது. ஜாக்கெட் பெல்ட்டு, வெயிட் பெல்ட்டு எல்லாம் அவங்கதான் இழுத்து மாட்டுவாங்க, உடம்புல கை படும். நல்ல இன்ஸ்ட்ரக்டர் ஒவ்வொண்ணுக்கும் 'இப்போ இதை இறுக்கறேன்'னு சொல்லிட்டுத்தான் தொடுவாங்க. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான் இருந்தார். தங்கற இடம் எதுன்னு கடையில எல்லார் முன்னாடியும் சொல்லாதே. எந்தக் கடை, எந்த போட், எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டுப் போ.

இன்னொண்ணு, அவசரம். சீசன்ல சில இடத்துல அஞ்சு நிமிஷம் சைகை காட்டிட்டு நேரா எறக்கிடறாங்க. மாஸ்க்ல தண்ணி பூந்தா மூக்கால ஊதி வெளியேத்தறது, வாயில இருந்து ரெகுலேட்டர் கழண்டா தேடி எடுத்து மறுபடி போடறது, காது அடைச்சா மூக்கைப் பிடிச்சு ஊதறது, இதெல்லாம் நெஞ்சளவு தண்ணியில நிதானமாச் செய்ய விடணும். 'எனக்கு இன்னொரு தடவை செஞ்சு பாக்கணும்'னு சொல்லு. மூஞ்சி சுளிச்சா கிளம்பி வந்துடு. அவங்க போடற வீடியோவையும் கவனிச்சுப் பாரு. கஸ்டமரைப் பவளப்பாறை மேல நிக்க வெச்சு போட்டோ எடுக்கறாங்கன்னா அந்தக் கடை வேணாம். உயிருள்ளது அது, ஒரு மிதியில போயிடும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துலயும் பவளத்துக்குப் புலிக்குச் சமமான பாதுகாப்பு, அட்டவணை ஒண்ணுல இருக்கு.

லீவு இருந்தா வெறும் ட்ரையல் டைவோட நிறுத்தாம ஓப்பன் வாட்டர் கோர்ஸே பண்ணலாம், டாக்டர் சரின்னு சொன்னா மட்டும். மூணு நாலு நாள் ஆகும், கடல்ல நாலு டைவ், 18 மீட்டர் வரைக்கும் போகலாம். 200 மீட்டர் நீஞ்சணும், பத்து நிமிஷம் மிதக்கணும். கிணத்துல கத்துக்கிட்ட உனக்கு மிதக்கறது கஷ்டமே இல்ல.

ஏலகிரி ரைடர்:

கம்ப்ரெசர் அண்ணே, இவ்ளோ விஷயம் யாரும் எங்களுக்குச் சொன்னதே இல்ல. நன்றி. ஆரணி அக்கா, பாண்டி நல்ல ஐடியா. காலையில ரெண்டு டைவ் பண்ணிட்டு, மதியம் கிளம்பினா ராத்திரிக்கு பைக்ல ஏலகிரி ஏறிடலாம். ஞாயித்துக்கிழமை ப்ளான் போட்டுட்டேன்.

சிப்காட் கம்ப்ரெசர்:

தம்பி, அன்னைக்கே ஏலகிரி ஏறாதீங்க. அடியில அழுத்தத்துல இழுக்கறப்ப நைட்ரஜன் உடம்புக்குள்ள கரைஞ்சு நிக்கும், மெதுவாத்தான் வெளிய போகும். அதுக்குள்ள உசரத்துக்குப் போனா வெளி அழுத்தம் கொறைஞ்சு, சோடா மூடியைத் திறந்த மாதிரி குமிழி கட்டிடும். மூட்டு வலியில ஆரம்பிச்சு, கை கால் விழற வரைக்கும் போகலாம். டைவ் பண்றவங்க பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்ங்கற அமைப்பு சொல்ற கணக்கு, ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேல பண்ணா 18 மணி நேரம் கழிச்சுத்தான் ஃப்ளைட். சுமார் 600 மீட்டர் உசரத்துல இருந்தே இதைக் கணக்குல எடுத்துக்கச் சொல்றாங்க. ஏலகிரி ஆயிரம் மீட்டரைத் தாண்டுது. பாண்டியில டைவ் பண்ணிட்டு அன்னைக்கு ராத்திரியே பெங்களூர் பஸ் ஏர்றவங்களுக்கும் இது பொருந்தும், பெங்களூரு 900 மீட்டர். வேலூர் 200 சொச்சம்தான், வீட்டுக்கு வந்து தூங்குங்க, மறுநாள் சாயங்காலம் மலை ஏறுங்க.

வாலாஜா பொண்ணு:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. மூணாவது கடை அம்மாவுக்கு ஃபோன் பண்ணேன். கம்ப்ரெசர் நோட்டைப் பாக்கலாமான்னு கேட்டதும் ஒரு செகண்ட் பேசல, அப்புறம் பத்தே நிமிஷத்துல ரெண்டு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. ரெண்டு பேரு கையெழுத்து மாறி மாறி வருது, ஒரு இடத்துல அடிச்சுத் திருத்தி பக்கத்துல சுருக்கொப்பம் வெச்சிருக்காங்க. எங்க லேப்லயும் அப்படித்தான் திருத்தணும். கடல் சரியில்லாம அவங்களே ரத்து பண்ணா முழுக் காசும் திருப்பித் தருவாங்களாம், லேடி இன்ஸ்ட்ரக்டர் இருக்காங்களாம். விலை 5,500. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். கையெழுத்து கிடைக்காட்டி அட்வான்ஸ் வேணாம், வந்து ஸ்நார்கல் பண்ணிட்டுப் போங்கன்னாங்க.

ஒரே ஒரு சந்தேகம். திரும்பற ஃப்ளைட் போர்ட் பிளேர்ல காலையில 11 மணிக்கு. முந்தின நாள் காலையில டைவ் பண்ணிட்டு சாயங்காலக் கப்பல்ல வந்தா போதுமா?

சிப்காட் கம்ப்ரெசர்:

மணிக்கணக்கு சரியா வருது. காலை பத்து மணிக்குத் தண்ணியை விட்டு வந்தா, ஃப்ளைட்டுக்கு 25 மணி நேரம் இருக்கு, ரெண்டு டைவ் பண்ணாலும் போதும். கப்பல்தான் நம்ப முடியாது. கடல் கொந்தளிச்சா சாயங்காலக் கப்பலை ரத்து பண்ணிடுவாங்க, அப்புறம் காலை ஃப்ளைட்டைப் பிடிக்க முடியாது. டைவை இன்னும் ஒரு நாள் முன்னாடி வெச்சிக்கினு, ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் காலைக் கப்பல்லயே போர்ட் பிளேர் வந்துடுங்க. ஹேவ்லாக் போன அன்னைக்கே டைவ் புக் பண்ணாதீங்க, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து போங்க.

அன்னைக்குச் சளி பிடிச்சிருந்தா போக வேணாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கினு சமாளிக்கலாம்னும் நினைக்காதீங்க. அடியில இருக்கறப்ப மருந்து வேகம் எறங்கிட்டா, மேல வர்ற வழியில காத்து வெளிய வர முடியாம காது தெறிக்கும். அந்த அம்மாகிட்ட சொன்னா வேற நாள் மாத்திக் கொடுப்பாங்க, அவங்க பேச்சைப் பாத்தாலே தெரியுது. வியாழக்கிழமை டாக்டர் என்ன சொன்னாருன்னு இங்க எழுதுங்க, இழுப்பு இருக்கற வேற யாராவது படிச்சா அவங்களுக்கும் உதவும்.